கித்தான் போட்ட சன்னல்

அந்தச் சன்னலை யாராவது அழகு என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. சொல்கிறவர்கள் மேல் தப்பில்லை. பட்டணத்திலிருந்து வருகிறார்கள், கோயில் வாசலில் செருப்பை விடுகிறார்கள், கிழக்குச் சுவரைப் பார்த்து வாயைப் பிளக்கிறார்கள். மாதா மேகத்தின் மேல் நிற்கிறாள். நீல முக்காடு, சிவப்பு அங்கி, காலடியில் இறக்கை வைத்த சம்மனசுகள், சுற்றிலும் மஞ்சள் கதிர். காலை வெயில் கண்ணாடி வழியே வரும்போது தரையெல்லாம் வர்ணம். போட்டோ பிடித்துக்கொள்கிறார்கள். போன மாதம் ஒரு பெண் என்னிடம் வந்து, இவ்வளவு பக்தியாக இதைச் செய்து வைத்த குடும்பம் எது என்று கேட்டாள். என் வாயில் வந்ததைச் சொல்லியிருந்தால் கோயிலுக்குள் பேசக் கூடாத பேச்சாகியிருக்கும். தெரியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

எனக்கா தெரியாது? அந்தக் குடும்பத்து வயலில் என் அம்மா முதுகு ஒடிய நாற்று நட்டாள். அந்தச் சன்னலை வைத்து அவர்கள் என் கல்யாணத்தன்று அவளை என்ன பாடு படுத்தினார்கள் என்று எனக்கல்லவா தெரியும். எங்கள் சனத்தைப் புதைப்பார்கள், எரிக்க மாட்டார்கள். ஆனாலும் இதை எழுதி வைக்காமல் போனால் என் கட்டை வேகாது.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். பூந்தமல்லியில் எங்கள் கோயிலுக்குப் பீடம் வடக்கே, பெரிய வாசல் தெற்கே. நடுவில் ஒரு நடை. நடைக்குக் கிழக்கே தெருக்காரர்கள் உட்காருவார்கள், மேற்கே சேரிக்காரர்கள் நாங்கள் உட்காருவோம். ஒரே ஞானஸ்நானம், ஒரே பூசை, ஒரே சாமியார். ஆனால் நடையைத் தாண்டி எங்கள் பிள்ளை தவழ்ந்து போனால்கூட அங்கிருந்து ஒரு சீறல் வரும். அவர்களுக்குப் பாய் உண்டு, எங்களுக்கு வெறுந்தரை. நன்மை அப்பம் வாங்க முழங்கால் போடுகிற, பீடத்துக்கு முன்னால் இருக்கிற கிராதியிலும் பாதி அவர்களுக்கு, பாதி எங்களுக்கு. சாமியார் முதலில் அவர்களுக்குக் கொடுத்துவிட்டுத்தான் எங்கள் பக்கம் திரும்புவார். அவர்கள் வந்து போகக் கிழக்குச் சுவரில் ஒரு வாசல், எங்களுக்கு மேற்குச் சுவரில் ஒரு வாசல். கோயிலுக்குக் கிழக்கே இருந்த முற்றம் அவர்கள் தெருவைச் சேர்ந்தது, அதில் நாங்கள் கால் வைக்கக் கூடாது. சேசுநாதர் எல்லாருக்கும் பொதுவாகத்தான் செத்தார். அவர் முன்னால் உட்காருவதுதான் பொதுவில்லை.

உடுப்பிலும் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். எங்கள் பெண்கள் கோயிலுக்குப் பட்டு உடுத்தக் கூடாது, கரை வைத்த வர்ணச் சேலை உடுத்தக் கூடாது. கல்யாணப் பெண்ணும் வெள்ளை மில் சேலைதான். யார் எழுதின சட்டம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஒரு தடவை ஒருத்தி மீறினாள் என்றும், அவள் புருஷனுக்கு அதற்குப் பிறகு யாரும் வேலை கொடுக்கவில்லை என்றும் சொல்லிச் சொல்லி எங்களை வளர்த்தார்கள்.

என் நைனா வேலப்பன்சாவடிப் பக்கம் செங்கல் சூளையில் வேலை செய்துகொண்டிருந்தபோது காய்ச்சலில் போய்விட்டார். அதற்கப்புறம் நானும் அம்மாவும்தான். அம்மா வேலை செய்தது மாங்காடு போகிற வழியில் இருந்த பெரிய வீட்டுக்காரர் வயலில். தெருக்காரர்களில் பெரிய கை அவர். கோயிலில் மணி அடிப்பதும் நிறுத்துவதும் அவர் இருமலைக் கேட்டுத்தான் என்று எங்கள் ஆட்கள் முணுமுணுப்பார்கள்.

அந்தப் பெரிய வீட்டுக்காரரின் தாயார் செத்தபோது, அவள் பெயரால் கோயிலுக்கு ஒரு வர்ணக் கண்ணாடிச் சன்னல் வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. வெள்ளைக்காரச் சாமியார் தன் தேசத்துக்கு எழுதி ஏற்பாடு செய்தார். உலகச் சண்டை தொடங்குவதற்கு முன்பே கப்பலில் பெட்டிகள் வந்துவிட்டன. வைக்கோல் சுற்றின கண்ணாடித் துண்டுகள் சாமியார் பங்களாவில் நெடுநாள் கிடந்தன. சுவரை உடைத்து, வளைவு கட்டி, கண்ணாடியைப் பொருத்தி முடிப்பதற்குள் அந்தச் சண்டையே வந்துவிட்டது. மாதாவின் காலடியில் மஞ்சள் கண்ணாடியில் ஒரு நீளப் பட்டை. அதில் அந்தத் தாயாரின் பெயர் இங்கிலீஷ் எழுத்தில் இருந்தது.

சன்னல் கிழக்குச் சுவரில்தான் வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். அது அவர்கள் பக்கச் சுவர். மாதா அவர்கள் தலைக்கு மேல் நிற்க வேண்டும், தாயார் பெயர் அவர்கள் பக்கம் இருக்க வேண்டும். இங்கேதான் எனக்குச் சிரிப்பும் வரும், வயிறும் எரியும். உழவுக் குடும்பம் அது. வெயில் எந்தப் பக்கம் விழும், நிழல் எந்தப் பக்கம் சாயும் என்று பார்த்துத்தான் களம் போடுவார்கள், பார்த்துத்தான் வைக்கோல் போர் போடுவார்கள். கிழக்குச் சுவரில் கண்ணாடி வைத்தால் காலை வெயில் மேற்கே போய் விழும் என்று அந்த வீட்டில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லையே! சன்னலை அவர்கள் சுவரில் மாட்டின படம் என்று நினைத்துக்கொண்டார்கள். வயலில் தண்ணீர் திருப்புகிற மாதிரி வெளிச்சத்தையும் தங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தார்களோ என்னவோ.

பொருத்தின சமயம் அடைமழைக் காலம். வானம் இருண்டே கிடந்தது. சன்னலை மந்திரித்தார்கள், மேளம் வைத்தார்கள், எல்லாரும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மழை விட்டு, மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வானம் துடைத்துவிட்ட மாதிரி வெளுத்தது. காலைப் பூசையில் சாமியார் பிரசங்கத்துக்குத் திரும்பின நேரம். வெயில் சன்னல் வழியே புகுந்து, கிழக்கே உட்கார்ந்திருந்தவர்கள் தலையைத் தாண்டி, நடையைத் தாண்டி, எங்கள் மேல் வந்து விழுந்தது.

நான் அந்த நிமிஷத்தை மறக்க மாட்டேன். எங்கள் பெண்களின் வெள்ளைச் சேலைகள் எல்லாம் வர்ணமாகிவிட்டன. என் அம்மாவின் முக்காடு நீலம். எனக்கு மடியெல்லாம் சிவப்பு. பக்கத்தில் ஒரு பிள்ளை தரையில் கிடந்த பச்சையைப் பிடிக்கப் போய் ஏமாந்து அழுதது. எங்கள் ஆட்கள் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். பிரசங்கம் யார் காதிலும் ஏறவில்லை. நாங்கள் அத்தனை பேரும் நல்ல உடுப்பு உடுத்தி உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தெருக்காரர்கள் பட்டிலும் சரிகையிலும் மங்கலில் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் ஏற ஏற வர்ணம் மெல்ல நடைப் பக்கம் நகர்ந்தது. அது அவர்கள் பாய்க்குப் போய்ச் சேருகிற நேரத்துக்குப் பூசை முடிந்து, அவர்கள் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு அப்போது கல்யாணம் பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளை ஆவடியில் பட்டாளத்துச் சமையல்கட்டில் வேலை. தை மாதம் கல்யாணம். எங்கள் சனத்துக் கல்யாணத்தைக் கிராதியில் எங்கள் பாதியில் வைத்துத்தான் நடத்துவார்கள். காலைப் பூசை நேரத்தில் அந்த வர்ணம் விழுவது சரியாக அதே இடத்தில். அந்த வெளிச்சத்தில் முழங்கால் போட்டுத் தாலி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நான் அன்றைக்கே மனசில் முடிவு கட்டிவிட்டேன். நகை கேட்கவில்லை, சேலை கேட்கவில்லை, விருந்து கேட்கவில்லை. என் ஆயுசில் எனக்காக நான் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

வீட்டுக்குப் போகும்போது அம்மாவிடம் சொன்னேன். அவள் முதலில் என்னைப் பைத்தியம் என்றாள். கொஞ்ச தூரம் நடந்து போய்விட்டு, தன்பாட்டில் சிரித்துக்கொண்டாள்.

"பட்டுதான்டி கட்டக் கூடாது. வெளிச்சத்த கட்டிக்கக் கூடாதுன்னு எவனும் சொல்லலயே" என்றாள்.

சொல்லிவிட்டார்கள். அடுத்த ஞாயிறே சொல்லிவிட்டார்கள். சன்னலுக்கு அடியில் இருந்த மஞ்சள் பட்டை எங்கள் பக்கத் தரையில் நீளமாக விழும். அவ்வளவு தூரத்தில் எழுத்து தெரியாது, வெறும் மஞ்சளாகத்தான் தெரியும். ஆனால் அது என்ன என்று எல்லாருக்கும் தெரியும். எங்கள் பெண்கள் அதன் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அதை முதலில் கவனித்தது பெரிய வீட்டுக்காரரின் சம்சாரம். பூசை முடிந்ததும் புருஷனும் பெண்டாட்டியுமாகச் சாமியார் பங்களாவுக்குப் போய்விட்டார்கள். எங்களுக்குச் செபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் அங்கே நின்று கேட்டதைச் சேரிக்கு வந்து சொன்னார். அந்த அம்மாள் அழுதாளாம்.

"எங்க அத்த பேரு மேல குந்திகினு கீறாளுங்க, சாமி" என்றாளாம்.

பூசையைத் தாமதமாக வைத்தால் வெளிச்சம் தங்கள் பக்கம் வந்துவிடும் என்று முதலில் கேட்டார்கள். சாமியாரும் ஒரு ஞாயிறு வைத்துப் பார்த்தார். நன்மை வாங்குகிறவர்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வர வேண்டிய காலம் அது. அவர்கள் வயிறே பொறுக்கவில்லை. பிறகு பக்கத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று யாரோ கிளப்பினார்கள். அவர்கள் மேற்கே வருவது, நாங்கள் கிழக்கே போவது. நாங்கள் சரி என்றோம். எங்களுக்கு என்ன, எந்தத் தரையானாலும் வெறுந்தரைதானே. ஆனால் நாங்கள் உட்கார்ந்து எழுந்த இடத்தில் அவர்கள் எப்படி உட்காருவார்கள்? கழுவினாலும் போகாது என்று அவர்கள் வீட்டுக் கிழவர்கள் சொல்லிவிட்டார்களாம். மாதாவின் வெளிச்சம் விழுந்தும் போகாத தீட்டு! கேட்டுவிட்டு எங்கள் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு கலைந்து போனார்கள். எனக்கு அங்கேயே நின்று கத்த வேண்டும் போல இருந்தது.

கடைசியில் பெரிய வீட்டுக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். இத்தனை நேரம் அவர், அவர் என்று மரியாதையாக எழுதிவிட்டேன். இனிமேல் என் கை வராது. அவன் ஆவடிப் பட்டாளத்து லாரிக்குப் போடுகிற கித்தான் ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வந்து, கோயில் கிழக்குச் சுவரில் வெளிப்பக்கமாகக் கட்டி, சன்னலை மூடிவிட்டான். மேலே கிணற்றுக்குப் போடுகிற கப்பி இரண்டு, அதில் கயிறு. காலைப் பூசைக்கு மணி அடிக்கும் முன்னால் கித்தானை இறக்குவார்கள். பூசை முடிந்து நாங்கள் கலைந்த பிறகு சுருட்டி ஏற்றுவார்கள். மத்தியானத்தில் வெள்ளைக்காரத் துரைகளைக் கூட்டிவந்து சன்னலைக் காட்டுவான்.

ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான், மேலேயிருந்து பார்த்தால் வர்ணக் கண்ணாடி பளிச்சென்று தெரியும், அதனால்தான் மூடினேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டான். சர்க்கார் மூடச் சொன்னது ராத்திரி விளக்கை. இவன் மூடினது பகல் வெயிலை. அதுவும் நாங்கள் உள்ளே இருக்கிற நேரத்தில் மட்டும். சின்னப் பிள்ளைக்கும் புரிகிற பொய். பெற்ற தாய்க்கென்று கடல் தாண்டி வரவழைத்த சன்னல், அதைத் தானே கித்தான் போட்டு மூடுகிறவனை என்னவென்று சொல்வது? தங்கள் மேல் விழாவிட்டால் போகிறது, இவர்கள் மேல் மட்டும் விழக் கூடாது. இதுதான் பக்தி. இந்த பக்தியைத்தான் இன்றைக்கு வந்து போட்டோ பிடிக்கிறார்கள்.

இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோயிலில் எனக்கு ஓலை வாசித்தார்கள். வாசித்த அன்றைக்கே நான் சாமியாரைப் போய்ப் பார்த்தேன். கல்யாணத்தன்று தாலி கட்டுகிற நேரம் மட்டும் கித்தானை ஏற்றச் சொல்லுங்கள் என்று கேட்டேன். வெள்ளைக்காரராக இருந்தாலும் தமிழை நன்றாகப் படித்தவர். புத்தகத்தில் இருக்கிற மாதிரியே பேசுவார்.

"பொறுமையாயிரு, மகளே. பரலோகத்தில் எல்லாருக்கும் ஒரே வெளிச்சம்" என்றார்.

அப்படியானால் இங்கே ஏன் மூட விட்டீர்கள் என்று கேட்டேன். சன்னல் கொடுத்தவர்களிடம்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, செபப் புத்தகத்தைத் திறந்துகொண்டார். நல்லவர்தான் என்று இன்றைக்கும் சிலர் சொல்வார்கள். நோயாளிக்கு மருந்து கொடுப்பார், பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பார். எனக்கு அவர் மேல் ஆத்திரம் தீரவில்லை. கெட்டவனைக்கூட ஒரு நாள் மறந்துவிடலாம். எல்லாம் தெரிந்தும் புத்தகத்தைத் திறந்துகொள்கிறவரை என்னால் முடியவில்லை.

அம்மா என்னிடம் சொல்லாமலே பெரிய வீட்டுக்குக் கேட்கப் போனாள். அறுப்புக் காலம், அவன் களத்தில் நின்று நெல் தூற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். அத்தனை ஆட்கள் முன்னால் இவள் கையைக் கட்டிக்கொண்டு, ஆண்டே, ஒரே ஒரு காலை, ஒரு கொஞ்ச நேரம் என்று கேட்டிருக்கிறாள். அவன் சிரித்தானாம்.

"ஒம் பொண்ணு கல்யாணத்துக்கு எங்கம்மா வெளக்கு புடிக்கணுமா?" என்றானாம்.

களத்தில் இருந்தவர்களும் சிரித்தார்களாம். அவர்களில் எங்கள் சனமும் உண்டு. சிரிக்காவிட்டால் கூலி போகுமே. இதையெல்லாம் கூட இருந்தவர்கள் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மா வீட்டுக்கு வந்து உலை வைத்தாள். ஆகாது என்று சொல்லிவிட்டான் என்று மட்டும் சொன்னாள். நான் சாப்பிடவில்லை. அவள் என்னைச் சமாதானமும் பண்ணவில்லை, திட்டவும் இல்லை. மறுநாளிலிருந்து வயலுக்குப் போகும்போது கிழக்குச் சுவர் தெரிகிற வழியாகக் கோயிலைச் சுற்றிக்கொண்டு போனாள் என்று கேள்விப்பட்டேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

கல்யாணத்தன்று காலை. வெள்ளை மில் சேலை, தலையில் பூ, கையில் கண்ணாடி வளையல். அம்மா தாலி அறுத்தவள், அதனால் அவள் பின்னால் நிற்க வேண்டும் என்று என் அத்தைகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தெருக்காரர்களை மட்டும் சொல்லி என்ன பயன்? எங்கள் சனமும் இதில் குறைந்ததில்லை. நான் கத்திவிட்டேன். நைனா போய்ச் சேர்ந்ததற்கு அவள் என்ன செய்வாள், அவள் முன்னால்தான் நிற்க வேண்டும், நான் அவளைப் பார்த்துக்கொண்டுதான் தாலி வாங்குவேன் என்றேன். அம்மாவிடமும் வாக்குக் கேட்டேன். நிற்கிறேன் என்றாள். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

கோயிலுக்குள் போனோம். கித்தான் இறங்கிக் கிடந்தது. வெளியே நல்ல வெயில், உள்ளே மெழுகுவத்தி. கிழக்குப் பக்கம் முன்வரிசையில் பெரிய வீட்டுக்காரன் தன் வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்திருந்தான். தினப் பூசைக்கு வருகிறவன்தான், ஆனாலும் அன்றைக்கு என்னைப் பார்க்கத்தான் வந்த மாதிரி எனக்குத் தோன்றியது. நானும் மாப்பிள்ளையும் கிராதியில் எங்கள் பாதியில் முழங்கால் போட்டோம். தாய்மாமன் பக்கத்தில் நின்றார். சாமியார் லத்தீனில் சொல்லி, தமிழில் சம்மதம் கேட்டார். நான் சம்மதம் சொல்லிவிட்டு அம்மாவைத் தேடினேன். காணோம்.

பின்னால் திரும்பிப் பார்த்தேன், அங்கேயும் இல்லை. அத்தைகள்தான் விரட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். உடம்பெல்லாம் கொதித்தது. வாக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாளே என்று அவள் மேலும் கோபம். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது நடையோரமாகத் தரையில் மஞ்சளாக ஒரு கீற்று விழுந்தது. அது அகலமாகிக்கொண்டே எங்கள் பக்கம் ஏறி வந்தது. பின்னாலேயே சிவப்பு, அதன் பின்னால் நீலம். கிராதியில் ஏறி, என் மடியில் ஏறி, கையில் ஏறி, கழுத்துவரை வந்துவிட்டது. எங்கள் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை பாதி சிவப்பு, பாதி நீலமாக இருந்தது. அவர் பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

சாமியார் மந்திரித்த தாலியைத் தட்டோடு கையில் வைத்துக்கொண்டு நின்றார். எங்களைப் பார்க்கவில்லை. கிழக்கே பெரிய வீட்டுக்காரனைப் பார்த்தார்! சர்வேசுரனுடைய பீடத்தில் நின்றுகொண்டு, மேலே நடத்தலாமா என்று அவன் முகத்தைப் பார்த்தார். அவன் முகம் செத்துக் கிடந்தது. வாசலில் நின்ற தன் ஆளுக்குக் கையைக் காட்டினான். அந்த ஆள் கிழக்கு வாசல் வழியாக ஓடினான். என் தாய்மாமன் தட்டிலிருந்து தாலியைத் தானே எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டார். சாதுவான மனிதர், அதுவரை யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசினதில்லை. "கட்டு" என்று மட்டும் சொன்னார்.

மாப்பிள்ளை கட்டத் தொடங்கினார். அந்த நேரம் என் மேல் இருந்த வர்ணமெல்லாம் ஆட ஆரம்பித்தது. குபீரென்று பாதி மறையும், மறுபடி ஏறும், மறுபடி இறங்கும். என் மார்பில் சிவப்பு துடித்துக்கொண்டே இருந்தது. தை மாதத்துக் காற்று கித்தானை அடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வேண்டிக்கொண்டேன். கடைசி முடிச்சு விழுந்து அவர் கையை எடுத்தார். வெளியே பொத்தென்று ஒரு சத்தம் கேட்டது. கோயில் இருண்டுவிட்டது.

அதற்கப்புறம் முழுப் பூசையும் நடந்தது. நான் கண்ணை மூடி நன்மை வாங்கிக்கொண்டு, கிடைத்ததே போதும் என்று மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். அவ்வளவு நேரமும் சுவருக்கு அந்தப் பக்கம் என் அம்மா கிடந்தாள். உள்ளே இருந்த யாரோ சிலருக்குத் தெரிந்தும் இருந்தது. பூசை நடுவில் எழுந்து போகக் கூடாது என்று உட்கார்ந்திருந்தார்களாம். நாசமாய்ப் போக!

மேற்கு வாசல் வழியே வெளியே வந்ததும் மாமா காதோடு சொன்னார். நான் மாலையோடு ஓடினேன். கால் வைக்கக் கூடாத கிழக்கு முற்றத்தில் ஓடினேன். எங்கள் சனம் முற்றத்து விளிம்புவரை வந்து நின்றுவிட்டது. மாப்பிள்ளை மட்டும் என் பின்னால் வந்தார்.

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முந்தானை மண்ணில் கிடந்தது. அறுபட்ட கயிறு மடியில் கிடந்தது. அந்தக் கித்தானை ஏற்ற இரண்டு ஆண்கள் இழுக்க வேண்டும், இன்னொருவர் கயிற்றைச் சுவரில் இருக்கிற வளையத்தில் கட்ட வேண்டும். இவள் ஒருத்தியாக இழுத்திருக்கிறாள். விட்டுவிட்டுக் கட்டப் போனால் கித்தான் இறங்கிவிடும். அதனால் கயிற்றைக் கையிலும் இடுப்பிலும் சுற்றிக்கொண்டு, சுவரில் காலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து நின்றுவிட்டாள். அவன் ஆள் வந்து விடச் சொல்லியிருக்கிறான். விடவில்லை. மயிரைப் பிடித்து இழுத்திருக்கிறான், தோளில் மிதித்திருக்கிறான். ஒவ்வொரு தடவை இழுத்தபோதும் அவள் விழுந்து எழுந்து மறுபடி சாய்ந்திருக்கிறாள். கடைசியில் அரிவாளால் கயிற்றை அறுத்துவிட்டான். உள்ளே என் மேல் ஆடினது காற்றில்லை. என் அம்மா.

அவள் இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை. வலது தோள் இறங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தோள் பிறகு சரியாகவே இல்லை, அந்தக் கையால் அவள் மறுபடி நாற்று நடவும் இல்லை. நட நினைத்தாலும் யார் வேலை கொடுத்திருப்பார்கள்.

கிழக்கு வாசலில் பெரிய வீட்டுக்காரன் வந்து நின்றான். பின்னால் அவன் வீட்டுப் பெண்கள், அவர்களுக்கும் பின்னால் பூசை உடுப்பைக்கூடக் கழற்றாமல் சாமியார். முற்றத்தை விட்டு இறங்கச் சொல்லி அவன் சத்தம் போட்டான். அம்மா அவன் பக்கம் திரும்பவே இல்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் கழுத்தில் இருந்த தாலியைத் தொடக் கையைத் தூக்கிவிட்டு, ரத்தம் படும் என்று இறக்கிக்கொண்டாள்.

"சேப்பு வுழுந்துச்சா?" என்று கேட்டாள்.

விழுந்தது என்றேன்.

"நீலம்?"

அதுவும் விழுந்தது என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

"நான்தான் பாக்கல. எப்டிடி இருந்த?"

நான் எப்படி இருந்தேன் என்று எனக்கு எப்படித் தெரியும்? பார்த்தவர்கள்தானே சொல்ல வேண்டும். முற்றத்து விளிம்பில் நின்ற எங்கள் சனத்தைத் திரும்பிப் பார்த்தேன். அத்தைகள், மாமா, கூடப் படித்த பெண்கள், உபதேசியார், அத்தனை பேரும் பார்த்தவர்கள். அவன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நல்லா இருந்தேம்மா" என்றேன். "இவங்க ஊட்டுப் பொண்ணு எவளும் தாலி கட்டிக்கிறப்ப அப்டி இருந்ததில்ல."

அவன் காதில் விழட்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகச் சொன்னேன்.